உண்மையைத்தானே எழுதினேன் என்றால் மட்டும் போதாது

இணையத்தில் புண்படுத்தும் பதிவு போடுவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோதே எல்லாம் முடிந்துவிட்டதாகப் பலருக்கு நினைப்பு. அவதூறு இன்னும் குற்றம்தான். அது செல்லும் என்று அதே நீதிமன்றம் 2016 மே மாதம் சொன்னது. பழைய இ.பி.கோ. 499, 500 இரண்டும் இப்போது, இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு. இரண்டாண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை.

பலர் சறுக்குவது இங்கேதான்: நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்கில் எழுதியது உண்மை என்று நிரூபித்தால் போதும். கிரிமினல் வழக்கில் அதைப் பொது நன்மைக்காக எழுதினோம் என்றும் காட்ட வேண்டும். ஒருவரின் குடும்பச் சண்டை உண்மையாகவே இருக்கலாம். ஊருக்கு அதனால் என்ன பயன்?

‘போட்ட ரோடு மூன்று மாதத்தில் பெயர்ந்துவிட்டது’ என்று எழுத, தேதியோடு படம் போதும். ‘கவுன்சிலர் கமிஷன் வாங்கினார்’ என்பதற்கு அந்தப் படம் சாட்சியாகாது. பத்து ரூபாய் கட்டணத்தில் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனு போட்டு, மதிப்பீடு, செய்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகம், பில் நகல்களை வாங்குங்கள். காகிதம் எதுவரை பேசுகிறதோ அதுவரை எழுதுங்கள். கடைசியில் கேள்விக்குறி போட்டால் தப்பிக்கலாம் என்பது வீண் நம்பிக்கை. நையாண்டியாகச் சொன்னாலும் அவதூறுதான் என்று சட்டத்தின் விளக்கமே சொல்கிறது. பெயரை மறைத்தும் ஆள் யாரென்று தெரிந்தால் மறைத்ததில் பயனில்லை. ஃபார்வர்டு செய்தவரையும் வழக்கில் சேர்க்கலாம்.

இதில் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டிடம் புகார் தர வேண்டும், மூன்றாண்டுக்குள். சிவில் வழக்குக்கு ஓராண்டுதான். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, புகாரைக் கோப்பில் எடுக்கும் முன் எதிர்த்தரப்பையும் கேட்டாக வேண்டும், நல்ல மாற்றம். வக்கீல் நோட்டீஸ் வந்தால் பதறிப்போய்ப் பதிவை அழிக்காதீர்கள். முதலில் நகலெடுத்து வையுங்கள். தவறு என்று தெரிந்தால் அதே இடத்தில், அதே அளவில் திருத்தம் போடுங்கள்.

அதிகாரிகளின் பணியைப் பற்றி எழுத இடம் கொஞ்சம் அகலம். மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் இதழ் வெளியிடுவது பற்றிய வழக்கில், 1994இல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கியது: பொது ஆவணத்தில் இருப்பதை எழுதச் சம்மதம் தேவையில்லை, அவதூறு வரும் என்று சொல்லி முன்கூட்டியே அரசு தடுக்க முடியாது, அதிகாரி நஷ்டஈடு கேட்டால், நியாயமான அளவு சரிபார்த்துத்தான் எழுதினோம் என்று காட்டினால் போதும். அரசே தொடுக்கும் அவதூறு வழக்குகள் என் கணக்கில் பெரும்பாலும் வாயை மூட வைக்கத்தான். பத்திரிகையாளர்கள் மீதான அத்தகைய வழக்குகள் பலவற்றை 2020 மேயில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.