அப்பாவின் வேலைக்கு அகராதியில் என்ன பொருள்

பள்ளிக்கூட விண்ணப்பங்களில் 'தந்தையின் தொழில்' என்று ஒரு கோடு இருக்கும். நான் எப்போதும் 'அரசு ஊழியர்' என்றுதான் நிரப்புவேன். அப்பா தாலுகா ஆபீஸில் பியூன். எழுதியது பொய்யில்லை, ஆனால் அந்த மூன்று எழுத்தை எழுதக் கை வராது.

போன வாரம் பையனுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கும்போது, இந்தச் சிப்பாயை ஏன் இங்கிலீஷில் 'பான்' என்கிறார்கள் என்று கேட்டான். அகராதியைப் புரட்டினால் பானும் பியூனும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்! லத்தீனில் காலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தவை, இரண்டுக்கும் மூலப்பொருள் காலாட்படைக்காரன். நம்மிடம் காலாள் என்று ஏற்கெனவே இருக்கிறதே, அச்சு அசலாக அதேதான். (அடகுக்கடை 'பான்' வேறு குடும்பம், சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

நம் ஊருக்கு இந்தச் சொல் போர்த்துகீசியர் வழியாக வந்தது. கம்பெனி காலத்தில் ஆயுதத்தோடு காவல் நின்றவனும் பியூன்தான். அப்புறம் ஆயுதம் போய்க் கையில் ஃபைல் வந்துவிட்டது, தோளில் டவாலி மட்டும் பழைய மிடுக்கோடு நின்றது. இதே சொல்லின் ஸ்பானிய வடிவமான 'பியோன்' ஸ்பானியர்களோடு அமெரிக்கக் கண்டத்துக்குப் போன கதை இன்னும் மோசம். அங்கே அது பண்ணைக் கூலி, கடனை அடைக்கும்வரை முதலாளியை விட்டு நகர முடியாத ஆள் என்றானது. அந்தக் கொத்தடிமை முறையை அமெரிக்கா 1867இல் சட்டம் போட்டுத் தடை செய்தது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது 'பயனீர்' என்ற சொல்தான். அதுவும் இதே குடும்பம். படைக்கு முன்னால் போய்ப் பள்ளம் வெட்டி, புதர் அழித்து, பாதை போட்ட காலாளுக்குப் பிரெஞ்சில் இருந்த பெயர் அது. 1780இல் மெட்ராஸ் பயனீர்ஸ் என்று தொடங்கிய படைதான் இன்று இந்திய ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ். இப்போது விஞ்ஞானியையும் தொழிலதிபரையும் பயனீர் என்கிறோம், தமிழில் முன்னோடி என்று மாலை போடுகிறோம். அதே காலிலிருந்து வந்த இன்னொருத்தர் மணியடித்தால் ஓடிவர வேண்டும்.

பெயரையும் மாற்றித்தான் பார்த்தார்கள். இங்கே அலுவலக உதவியாளர் என்றார்கள், மத்திய அரசில் ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு மல்டி டாஸ்கிங் ஸ்டாஃப். சொல்லும்போது வாய் வலிக்கிறது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வித்தியாசம்.

இதையெல்லாம் போனில் அப்பாவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன், பியூன் என்றால் நடந்து போகிற வீரன் என்று அர்த்தமாம்பா என்று. பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், "நான் எங்கடா நடந்தேன்? ஆபீஸ்ல சைக்கிள் குடுத்திருந்தாங்களே" என்றார்.