ஜி7 முடிஞ்சிருச்சு!

ஒருவழியா கடைசி மலையும் ஏறியாச்சு, ஊலு செப்பாட், 2161 மீட்டர். தீபகற்ப மலேசியாவுல 7000 அடிக்கு மேல இருக்குற ஏழு மலையத்தான் ஜி7னு சொல்வாங்க. தஹான், கோர்பு, யோங் பெலார், காயோங், சாமா, யோங் யாப், ஊலு செப்பாட். உசரத்துல பாத்தா பெரிய வித்தியாசமே கிடையாது, தஹானுக்கும் (2187) ஊலு செப்பாட்டுக்கும் 26 மீட்டர்தான், ஆனா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு குணம் லா.

எனக்கு ரொம்பப் பிடிச்சது கோர்பு-காயோங் தான். கோர்பு உச்சிக்கு வந்து மூச்சு வாங்கிட்டு, அங்கிருந்து இறங்கி மறுபடி காயோங்குக்கு ஏறணும், வழி முழுக்க பாசி புடிச்ச காடு, மரம், வேரு, கல்லு எல்லாமே பச்சை, கால வச்சா மெத்தை மாதிரி அமுங்கும், மேல மேகம் வந்து நம்மளையே நனைச்சிட்டுப் போகும். அட்டை கடிய கணக்குல சேக்காதீங்க.

தஹான் மட்டும் தீபகற்பத்தோட முதுகெலும்பு மாதிரி ஓடுற தித்திவாங்சா மலைத்தொடர்ல வராது, அது தனியா இருக்குற தஹான் தொடர்ல இருக்கு. கோலாதஹான் கிராமத்து வழியாப் போனா ஆத்தத் திரும்பத் திரும்பக் கடக்கணும், மழை வந்தா தண்ணி வடியுற வரைக்கும் காத்துக்கிட்டுத்தான் இருக்கணும்.

கேஎல்ல (கோலாலம்பூர்ல) இருந்துக்கிட்டே பயிற்சி எடுக்கலாம். நாங்க பையில தண்ணி பாட்டில் நிரப்பி, விடியக்காலைல பத்துமலை 272 படியையும் திரும்பத் திரும்ப ஏறி இறங்குவோம். கூட வந்த அண்ணன் "தம்பி, இறங்குறதுக்குத்தான் முட்டி வேணும்"னு சொல்லிக்கிட்டே இருப்பாரு, அது நூத்துக்கு நூறு உண்மை. பெர்மிட்டும் கைடும் முன்கூட்டியே பாத்து வச்சுக்குங்க, அது இல்லாம காட்டுக்குள்ள போகவே போகாதீங்க.