கணக்குப் பிரிவிலிருந்து தொழிற்பயிற்சிக் கூடத்துக்கு

அறிவுசார் குறைபாடு உடைய பெரியவர்களுடன் பணியாற்ற விரும்புவோர் என்னிடம் முதலில் கேட்பது, அதற்கு என்ன படிக்க வேண்டும் என்பதைத்தான். அம்பத்தூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்துவிட்டு, முப்பத்தைந்து வயதுக்கு மேல் இத்துறைக்கு வந்தவள் நான் என்பதால், அந்தக் கேள்வியோடு வயது தடையாகுமா, சம்பளம் கட்டுப்படியாகுமா என்ற தயக்கங்களும் சேர்ந்தே வரும்.

நான் இப்பக்கம் திரும்பக் காரணம் என் அக்காவின் மகன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. அவனுக்குப் பதினெட்டு முடிந்தது. பள்ளி வேன் வருவதும் நின்றது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு என்ன ஏற்பாடு என்று அக்காவோடு அலைந்தபோதுதான், பெரியவர்களுக்கான தொழிற்பயிற்சி மையங்கள் நகரில் ஆங்காங்கே இருப்பதையும், நாங்கள் போன இடங்களில் எல்லாம் பயிற்றுநர் பற்றாக்குறை இருப்பதையும் அறிந்தேன்.

இத்துறையில் ஆர்வம் மட்டும் போதாது. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மறுவாழ்வுப் பணியாளர்களைப் பதிவு செய்யும் அமைப்பான இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். பதிவின்றி மறுவாழ்வு வல்லுநராகத் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது அச்சட்டம். கவுன்சில் ஏற்ற பாடத்திட்டம்தானா என்று பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் முதல் தொண்டு நிறுவனங்கள் வரை பல இடங்களில் விசாரித்து, தொழில்வழி மறுவாழ்வுக்கான ஓராண்டு டிப்ளமோவில் சேர்ந்தேன். உடன் படித்தவர்களில் பெரும்பாலோர் என்னைவிட மிகவும் இளையவர்கள். அதனால் எனக்கு எந்தச் சங்கடமும் நேரவில்லை.

டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம், மூளை முடக்குவாதம் என்று நீளும் ஏட்டுப் பாடங்களைப் படித்துத் தேறிவிடலாம். என்னை உண்மையில் பிடித்து நிறுத்தியது எம்.டி.பி.எஸ். என்று எல்லோரும் சொல்லும் மதிப்பீட்டு முறை. மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம் என்பது அதன் முழுப்பெயர்; இந்நகரிலேயே உருவானது. உண்பது, உடுத்துவது, பேச்சு, பணம், நேரம், வீட்டு வேலை, தொழில் என 18 பிரிவுகள், பிரிவுக்கு 20 வீதம் 360 செயல்கள். ஒவ்வொன்றையும் பயிற்சிக்கு வருபவர் செய்கிறாரா இல்லையா என்று நேரில் பார்த்துக் குறிக்க வேண்டும். நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) ஐம்பது என்ற ஓர் எண்ணிலிருந்து ஒருவரைப் பற்றி எனக்கு எதுவும் விளங்கியதில்லை. சட்டைப் பொத்தானைப் போடுவார், ஆனால் பத்து ரூபாய்த் தாளையும் இருபது ரூபாய்த் தாளையும் பிரித்தறிய மாட்டார் என்று தெரிந்தால், மறுநாள் காலையில் எதைத் தொடங்குவது என்பது விளங்கிவிடும்.

களப்பயிற்சியில் எனக்கு ஒதுக்கப்பட்டது காகித உறை செய்யும் பிரிவு. ஓர் உறையைச் செய்வதைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, கடைசிப் படியை முதலில் கற்றுக்கொடுப்பார்கள். மற்றவற்றை நாம் செய்து வைக்க, மூடியை மடித்து ஒட்டுவது மட்டும் பயிற்சி பெறுபவரின் வேலை. முடித்த உறை அவர் கையில் இருக்கும். அது கைவந்ததும் அதற்கு முந்தைய படி. கையைப் பிடித்துச் செய்வித்தல், சைகை காட்டுதல், வாயால் சொல்லுதல் என்று நம் உதவி படிப்படியாகக் குறைந்து, இறுதியில் நாம் சும்மா நிற்க வேண்டும். சும்மா நிற்பதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது.

எண்ணத் தெரியாத ஒருவர் உறைகளைப் பத்துப் பத்தாக எப்படிக் கட்டுவார் என்று கேட்டேன். மூத்த பயிற்றுநர் அம்மா பத்து அறைகள் கொண்ட மரத்தட்டு ஒன்றை எடுத்து வைத்தார். அறைக்கு ஒன்றாக வைத்து, எல்லாம் நிரம்பியதும் எடுத்துக் கட்டுவது, அவ்வளவுதான். கணக்குப் பிரிவில் அத்தனை காலம் இருந்த எனக்கு அந்தத் தட்டின் மேல் இன்றும் தனி மரியாதை உண்டு.

பெரியவர்களுடன் பணியாற்றும்போது முகச்சவரம், மாதவிடாய்ச் சுகாதாரம், திருமண ஆசை, கோபம் எல்லாம் நம் மேசைக்கு வரும். பேச்சு வராத ஒருவர் நண்பகலை ஒட்டிப் பொருட்களை வீசுவார். வீசுவதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது என்று தொடர்ந்து குறித்து வந்தபோது, ஒவ்வொரு முறையும் அதற்குச் சற்று முன் சமையலறைக் குக்கர் விசில் அடித்திருந்தது தெரிந்தது. அவர் இருக்கையை முன் அறைக்கு மாற்றினோம். வீசுவது பெருமளவு குறைந்தது. மருந்தைக் கூட்டச் சொல்லலாமா என்று பேசிக்கொண்டிருந்த வேளை அது.

பெற்றோர் கேட்பதோ எங்களுக்குப் பிறகு யார் என்பதை. பதினெட்டு வயது நிறைந்தபின் தாய் தந்தையர் தாமாகவே சட்டக் காப்பாளர் ஆவதில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். அந்த அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு பெறலாம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. இவ்விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பதும் என் வேலையில் ஒரு பங்காகிவிட்டது. பழைய தொழில் இங்கேதான் கைகொடுக்கிறது.

சம்பளம் முன்பு வாங்கியதைவிடக் குறைவு. வீட்டில் இன்னொரு வருமானம் இல்லாதவர்கள் இதை நன்றாகக் கணக்கிட்டுப் பார்த்தே வர வேண்டும். சேவை மனம் இருந்தால் போதும் என்று சொல்லும் நிர்வாகிகளை நான் நம்புவதில்லை. பதிவு எண்ணையும் வாங்கிவிட்டு மறந்துவிட முடியாது. அவ்வப்போது கருத்தரங்கு, பயிற்சி என்று போய்த் தொடர்கல்விப் புள்ளிகள் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு பழைய வேலைக்குத் திரும்பும் எண்ணம் எனக்கு வந்ததில்லை. என்னிடம் உறை ஒட்டப் பழகிய ஒருவர் இப்போது மாநகரப் பேருந்தில் தனியாக வந்து போகிறார். பல மாதங்கள் அவருக்குப் பின் இருக்கையில் தெரியாதவளைப் போல் உட்கார்ந்து போனவள் நான்.

சேர எண்ணுவோர், பணம் கட்டும் முன் ஏதேனும் ஒரு மையத்தில் அனுமதி பெற்றுச் சில நாட்கள் முழுப் பொழுதும் இருந்து பாருங்கள். பயிற்சிக் கூடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், சாப்பாட்டு நேரத்திலும் கழிவறைக்கு அழைத்துச் செல்லும் நேரத்திலும் உடன் இருக்கக் கேளுங்கள். வேலையில் பாதி அங்கேதான் நடக்கிறது.