மரமேறிய கங்காருவும் தாய்வழிச் சீதனமும்

கங்காரு மரத்தில் ஏறும் என்றால் என்னிடம் ரியூசனுக்கு வரும் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். படத்தைக் காட்டினாலும் "ரீச்சர், இது கரடிக்குட்டி" என்பார்கள். உருண்டை முகம், தடித்த முன்கைகள், வளைந்த நகங்கள், கீழே தொங்கும் நீண்ட வால். அவர்களில் பிழை சொல்ல ஏலாது. மரக்கங்காருக்களில் பெரும்பாலான இனங்கள் அவுஸ்திரேலியாவுக்கு வடக்கே இருக்கும் நியூ கினித் தீவில்தான் வாழ்கின்றன. அவுஸ்திரேலியாவில் இருப்பது இரண்டே இனம், அதுவும் குயின்ஸ்லாந்தின் வடக்கு மழைக்காடுகளில் மட்டும்.

கூர்ப்பு, அதாவது பரிணாமம் பற்றிய பாடத்துக்கு நான் டார்வினின் குருவிகளைவிட இதைத்தான் விரும்பி எடுப்பேன். கங்காருக்களின் பழைய மூதாதைகள் மரத்தில் வாழ்ந்த சின்னப் பிராணிகள். அவை நிலத்துக்கு இறங்கின, பாயப் பழகின, பின்னங்கால் நீண்டது. இவ்வளவும் நடந்த பிறகு ஒரு கிளை மட்டும் திரும்பவும் மரத்தில் ஏறிவிட்டது! உடம்பை மட்டும் பார்த்து இந்தக் கதையைப் பிரித்தெடுப்பது கஷ்டம். மரவாழ்க்கை உடம்பைத் தன் தேவைக்கு மாற்றிவிடும், பழைய உறவின் அடையாளங்கள் மறைந்துபோகும்.

அங்கேதான் டி.என்.ஏ. வருகிறது. கலத்துக்குள் சக்தி தயாரிக்கும் சின்ன உறுப்பான இழைமணியில் இருக்கும் டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும். நான் வகுப்பில் இதைச் சீதனக் காணி என்றுதான் சொல்லுவேன்: அம்மம்மாவின் காணி அம்மாவுக்கு, பிறகு மகளுக்கு. காணி உறுதிப் பத்திரத்தைப் பின்னோக்கி வாசித்துக்கொண்டு போனால் இரண்டு குடும்பம் எந்த அம்மம்மாவில் சேர்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு வித்தியாசம், மகனுக்கும் அந்த டி.என்.ஏ. கிடைக்கும், ஆனால் அவனோடு முடிந்துவிடும். தாய்வழியை மட்டும் நம்பினால் பாதிக் கதைதான் வரும். எப்போதோ இரண்டு இனங்கள் கலந்திருந்தால் அது நம்மை ஏமாற்றியும் விடும். அதனால் கலத்தின் கருவில் உள்ள, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வரும் பரம்பரையலகுகளையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அவுஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் மார்க் எல்ட்ரிட்ஜும் கூட்டாளிகளும் 2018இல் வெளியிட்ட ஆய்வு அப்படி இரண்டையும் பார்த்தது.

சரி, யார் நெருங்கிய சொந்தம்? பாறை வல்லபி. செங்குத்தான பாறைகளில் தாவித் திரியும் சின்னக் கங்காரு வகை. இதைச் சொன்னதும் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கட்டாயம் எழுதும்: "பாறை வல்லபியிலிருந்து மரக்கங்காரு தோன்றியது." நான் சிவப்புப் பேனையால் வெட்டிவிடுவேன். அக்கா தங்கை என்றால் ஒருத்தி மற்றவளின் தாய் இல்லை. இருவருக்கும் பொதுவான ஒரு மூதாதை இருந்தது, அவ்வளவுதான். உயர்தரப் பரீட்சையில் இந்த இடத்தில் புள்ளி போகிற அளவுக்கு வேறெங்கும் போவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

நியூ கினிக்குள்ளேயே ஒன்றிலிருந்து ஒன்று வெகுவாக விலகிய பல பரம்பரைகள் இருப்பதையும் அந்த ஆய்வு காட்டியது. பாதுகாப்புக்கு இது முக்கியம். ஒரே இனம் என்று நினைத்து ஒரு மலையில் மட்டும் காப்பாற்றினால், மற்ற மலையில் இருந்த வேறொன்று சத்தமில்லாமல் போய்விடும். பிள்ளைகளுக்குப் பிடித்தது என்னவோ டிங்கிஸோ என்ற மரக்கங்காருதான். கறுப்பு வெள்ளையான இந்த இனத்தை 1995இல்தான் விஞ்ஞானிகள் விவரித்துப் பெயர் வைத்தார்கள். மேற்கு நியூ கினியின் உயர்ந்த மலைகளில் இருக்கும் இது பெரும்பாலும் நிலத்திலேயே திரிகிறது. ஏறி, இறங்கி, ஏறி, திரும்பவும் இறங்கியிருக்கிறது.

பனியுகத்தில் கடல் மட்டம் தாழ்ந்தபோது நியூ கினியும் அவுஸ்திரேலியாவும் ஒரே நிலம். எங்கள் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் நடுவே கிடக்கும் ஆழமில்லாத பாக்கு நீரிணையும் அப்போது தரைதான். இங்கே தேவாங்கைப் பாருங்கள். மழை குறைந்த வன்னிக் காட்டில் இருப்பதும் தமிழ்நாட்டுத் திண்டுக்கல் பக்கம் இருப்பதும் சாம்பல் தேவாங்கு என்ற ஒரே இனமாகக் கணக்கு. எங்கள் தீவின் தென்மேற்கு ஈரவலயத்துச் செந்தேவாங்கு வேறு இனம். கடலைவிட மழைதான் பெரிய வேலியாக இருந்திருக்கிறது போல. அடுத்த தவணையில் பிள்ளைகளுக்கு இதைத்தான் கேள்வியாகக் கொடுக்கப்போகிறேன்.