சமையலில் ஆர்வம்

“சமையலில் ஆர்வம் உள்ளது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு கேட்டரிங் படிப்பில் சேர்க்கலாம்.”

ஆண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இல்லம் ஒன்றில் ஆற்றுப்படுத்துநராகச் சேர்ந்த முதல் வருடம், 11 வயதுப் பையன் ஒருவனின் தனிநபர் பராமரிப்புத் திட்டத்தில் நான் எழுதிய வரி இது. இல்லத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இப்படி ஒரு ஃபைல் உண்டு. உடல்நிலை, படிப்பு, குடும்பம், விருப்பம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். யாரோடும் ஒட்டாத பையன் அவன். அவனிடம் ஒரு விருப்பத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சந்தோஷமாகத்தான் அந்தக் கட்டத்தை நிரப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் விடியக்காலையிலேயே போய்விடுவேன். அன்றைக்குத்தான் பிள்ளைகளோடு உட்கார நேரம் கிடைக்கும். போகும்போதெல்லாம் அவன் சமையற்கட்டில் இருப்பான். வெங்காயம் உரிப்பான், தேங்காய் துருவுவான், இட்லித் தட்டில் எண்ணெய் தடவுவான். சில நாள் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் சாக்கை விரித்துத் தூங்கிக் கிடப்பான். தினமும் இப்படித்தான் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

ஊர், வருடம், பெயர் எதையும் இங்கே சொல்லப்போவதில்லை. பாதிக்கப்பட்ட பிள்ளையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்று, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் சொல்லமாட்டேன். சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். சமையல் செய்யும் பெரியம்மா (பிள்ளைகள் அப்படிக் கூப்பிட்டு எங்களுக்கும் அதுவே பழகிவிட்டது) ஒரு திங்கட்கிழமை, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

“டீச்சர், ஒண்ணு கேக்கணும். இந்தப் பய சனிக்கிழம ராத்திரி மட்டுந்தான் எங்கிட்ட வந்து படுக்கான். மத்த நாள் வாரதில்ல. ஏம்லன்னு கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்கான். நீங்க படிச்சவுக, ஒங்களுக்குத் தெரியுமேன்னுதான்…”

சனிக்கிழமை சாயங்காலம் டியூஷன் மாஸ்டர் வருவார். கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுப்பார், காசு வாங்கமாட்டார். ராத்திரி பஸ் கிடையாது என்று பிள்ளைகளின் ஹாலிலேயே படுத்துவிட்டு ஞாயிறு மதியம் கிளம்புவார். பிள்ளைகளுக்கு கிரிக்கெட் மட்டை வாங்கிக் கொடுத்தவர் அவர். வார்டனுக்கு அவரைப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். பிள்ளைகளோடு பழகும் ஊழியர்கள் எல்லாரையும் போலீஸ் மூலம் சரிபார்க்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகளிலேயே இருக்கிறது. அவர் பெயரில் ஒரு தாள்கூட எங்களிடம் இல்லை. சம்பளம் வாங்காமல் உதவி செய்கிறவரிடம் போய் எப்படிக் கேட்பது என்று யாருமே கேட்கவில்லை. நானும்தான்.

பெரியம்மா போன பிறகு அந்த ஃபைலை எடுத்துத் திறந்தேன். அந்த வரியைப் படிக்க முடியவில்லை. அவன் ஏழெட்டு மாதமாக, வாரம் தவறாமல், தன்னால் முடிந்த ஒரே வழியில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். நான் அதைக் கேட்டரிங் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

பிள்ளைகள் சொல்வதில்லை, அதனால்தான் இந்தக் குற்றங்கள் வெளியே வருவதில்லை என்று பயிற்சி வகுப்புகளில் கேட்டிருக்கிறேன். ஒரு பிள்ளை சொல்வதற்கு நாங்கள் என்ன வழி வைத்திருந்தோம் என்று அன்றைக்குத்தான் சுற்றிப் பார்த்தேன். இல்லத்தில் புகார்ப் பெட்டி ஒன்று இருந்தது. அது அலுவலகத்தை விட்டுத் தள்ளி, பிள்ளைகள் தங்கும் அறைகளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சாவி நிர்வாகக் குழுத் தலைவரிடம் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை பிள்ளைகள் குழுவை வைத்துக்கொண்டுதான் திறக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு சிறார் நீதி மாதிரி விதிகள் சொல்கின்றன. எங்கள் பெட்டி அலுவலக வாசலில் தொங்கியது. சாவி வார்டன் மேசை இழுப்பறையில், ரப்பர் ஸ்டாம்புக்குப் பக்கத்தில் கிடந்தது. சாம்பார் தண்ணியாக இருக்கிறது, பெரிய பையன்கள் டிவி ரிமோட்டைத் தருவதில்லை என்றுதான் சீட்டு வரும். அதையும் எழுதியது யார் என்று வார்டனுக்குக் கையெழுத்திலேயே தெரிந்துவிடும். எல்லாப் பிள்ளைகளின் நோட்டையும் தினமும் பார்க்கிறவர் அவர்தானே. சுவரில் குழந்தைகள் உதவி எண் 1098 என்று பெரிதாக எழுதியிருந்தது. போன் இருந்தது அலுவலகத்துக்குள். போன் பண்ணவேண்டும் என்று ஒரு பையன் வந்து நின்றால் யாருக்கு, எதற்கு என்று கேட்காமல் யார் கொடுப்பார்கள்? அலுவலகத்தை மீறிப் போய்ச் சொல்வதற்கு அந்த வளாகத்தில் இருந்த ஒரே இடம் சமையற்கட்டு. அதை அவனே கண்டுபிடித்திருக்கிறான்.

அவனை என் அறைக்கு அழைத்து எதிரில் உட்காரவைத்துக் கேட்கவில்லை. சாயங்காலம் சமையற்கட்டுக்குப் போய், பெரியம்மாவோடு உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்தேன். அவனும் பக்கத்தில் இருந்தான். முதல் நாள் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. மூன்றாம் நாள், காயிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான்.

“நான் சொன்னா ஹோமை மூடிருவாங்களா மிஸ்? தம்பி எங்க போவான்?”

அவன் தம்பிக்கு ஏழு வயது, அதே இல்லத்தில்தான் இருந்தான். அம்மா இல்லை, அப்பா வேறு குடும்பத்தோடு போய்விட்டார். இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை எத்தனை இரவு தனியாக யோசித்திருப்பான்? வீட்டில் இருக்கும் பிள்ளைக்கே வாய் திறப்பது கஷ்டம். இல்லத்துப் பிள்ளைக்குச் சோறு, படுக்கை, படிப்பு, கூடப்பிறந்தவன் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறது. அந்தக் கூரை போனால் திரும்பிப் போக இடமில்லை என்பது அவனுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

“மூட மாட்டாங்க. மூடினாலும் ஒங்க ரெண்டு பேரையும் பிரிக்க விடமாட்டேன்” என்றேன். அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இருந்ததா என்றால் இல்லை. ஆனாலும் சொன்னேன்.

பிறகு இரண்டே வாக்கியம் சொன்னான். அதை இங்கே எழுதமாட்டேன். ஒரு வார்த்தையும் மாற்றாமல் அவன் சொன்னபடியே தாளில் எழுதி, தேதியும் நேரமும் போட்டேன். அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வார்டன், செயலாளர், ஆற்றுப்படுத்துநர், போலீஸ், டாக்டர், மாஜிஸ்திரேட் என்று ஆளாளுக்குக் கேட்டு அவனைத் திரும்பத் திரும்ப அந்த இரவுக்குள் தள்ளுவதை நம்மால் முடிந்தவரை குறைக்க வேண்டும். துருவித் துருவிக் கேட்டால், நாளைக்கு நீதிமன்றத்தில் நாம் சொல்லிக்கொடுத்ததாகவும் ஆகிவிடும்.

“யார்ட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல மிஸ்?” என்றான். எனக்கு அதுதான் மிகக் கடினமான கேள்வி. சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தால் அவன் நிம்மதியாக இருப்பான், ஆனால் அது பொய். “சொல்லணும்டா. ஆனா யார்கிட்ட சொல்லப்போறேன்னு ஒங்கிட்ட முதல்ல சொல்லிட்டுத்தான் சொல்வேன்” என்றேன். அவன் கொஞ்ச நேரம் கழித்து, “பெரியம்மா கூட இருப்பாங்களா?” என்றான்.

அன்று இரவே செயலாளரின் அறையில் உட்கார்ந்தோம். வார்டன் முதலில் சொன்னது: “ஆம்பளப் பய தானே மேடம், நாலு நாள்ல மறந்துருவான்.” அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஊரில் பலரும் நம்புவதைத்தான் சொன்னார். மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களைச் சேர்ந்த 12,447 பிள்ளைகளிடம் கேட்டார்கள். பாதிக்கு மேல், 53.22 சதவீதம் பேர், ஏதாவது ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஆண்பிள்ளைகள்தான் சற்று அதிகம். போக்சோவும் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லாரையும் ஒன்றுபோல் பிள்ளை என்றே சொல்கிறது. ஆனாலும் ஆண்பிள்ளைக்கு நடந்ததைச் சொல்ல நம் பேச்சில் ஒரு வார்த்தைகூட இல்லை. பெண்பிள்ளை என்றால் மானம் போச்சு என்று மறைக்கிறோம். ஆண்பிள்ளை என்றால் ஒன்றும் ஆகவில்லை என்று மறைக்கிறோம்.

செயலாளர் ரொம்ப நேரம் பேசவில்லை. பல வருடம் பிடி அரிசி கேட்டு அலைந்து அந்த இல்லத்தைக் கட்டியவர். “அவரை இனிமே வர வேண்டாம்னு சொல்லிடுவோம். பையன் பேரும் கெடாது, இல்லத்துப் பேரும் கெடாது” என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அதே அளவு, அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்ற எண்ணமும் வந்தது. அதையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். ஆனால் இங்கே வர வேண்டாம் என்று அனுப்பப்பட்டவர் அடுத்த மாதம் இன்னொரு ஊரில், இன்னொரு இல்லத்தில், காசு வாங்காமல் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். எங்கள் இல்லத்துக்கு வருவதற்கு முன் அவர் எங்கே இருந்தார் என்று நாங்கள் விசாரித்தோமா?

சட்டப் புத்தகத்தை எடுத்து 19-ஆவது பிரிவை வாசித்துக் காட்டினேன். குற்றம் நடந்தது தெரிந்தாலும் சரி, நடந்துவிடுமோ என்ற அச்சம் வந்தாலும் சரி, போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும். முதலில் உள்ளே விசாரித்துப் பார்க்கலாம் என்று அதில் எங்கும் இல்லை. 21-ஆவது பிரிவின்படி, சொல்லாமல் விடுகிறவருக்கு ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழே இருப்பவர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஒரு வருடம் வரை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது என்றும் சட்டம் சொல்கிறது. மகாராஷ்டிராவில் சந்திராபூர் மாவட்டப் பள்ளி விடுதி ஒன்றின் பழங்குடிச் சிறுமிகள் பாதிக்கப்பட்ட வழக்கில், தெரிந்தும் சொல்லவில்லை என்று ஒரு மருத்துவர் மீது போடப்பட்ட வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கி, தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம் என்றது. செயலாளர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். போனை அவரேதான் எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் அனைத்து மகளிர் காவல் நிலையத்திலிருந்து பெண் எஸ்.ஐ. சுடிதாரில் வந்தார். ஜீப்பை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். பிள்ளை எங்கே இருந்து பேச விரும்புகிறதோ அங்கே போய்த்தான் வாக்குமூலம் வாங்க வேண்டும் என்பது விதி. அவன் சமையற்கட்டைத்தான் சொன்னான். எஸ்.ஐ. அம்மா படிக்கட்டில் உட்கார்ந்தார், பெரியம்மா அம்மிக்குப் பக்கத்தில் அவனை ஒட்டி உட்கார்ந்தார். நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். பாதியில் எஸ்.ஐ. எழுந்து வந்து தண்ணீர் குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்ப உள்ளே போனார்.

பிறகு நடந்தவை பல. மருத்துவப் பரிசோதனை, மாஜிஸ்திரேட், குழந்தைகள் நலக் குழு. எல்லா இடத்துக்கும் பெரியம்மா போனார். அன்றைக்கெல்லாம் சமையலை நாங்கள் பார்த்துக்கொண்டோம்.

நான் எதிர்பார்க்காதது மற்றப் பிள்ளைகளின் கோபம். “ஒன்னாலதாம்ல மாஸ்டர் வரல” என்று அவனைத் திட்டினார்கள். மட்டை வாங்கிக் கொடுத்தவர், பேர் சொல்லிக் கூப்பிட்டவர், பிறந்தநாளை ஞாபகம் வைத்திருந்தவர் போய்விட்டார் என்ற ஏக்கம் அவர்களுக்கு. இப்படிப்பட்ட ஆட்கள் முதலில் எல்லாருடைய அன்பையும் சம்பாதித்துக்கொள்கிறார்கள், பெரியவர்களுடையதையும் சேர்த்து. மூன்று வாரம் கழித்து, அப்படித் திட்டியவர்களில் ஒருவனே பெரியம்மாவிடம் போய் வெங்காயம் உரிக்கட்டுமா என்று கேட்டானாம். இந்தத் தடவை பெரியம்மா எட்டு மாதம் காத்திருக்கவில்லை.

மாமல்லபுரத்து இல்லங்களில் பிள்ளைகள் சீரழிக்கப்படுவது பற்றி வந்த ஒரு பத்திரிகைக் கட்டுரையை 2007-இல் யாரோ ஒருவர் உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அது வழக்காகி, 2017 மே 5 அன்று நீதிபதி மதன் லோக்கூர் அமர்வு தீர்ப்புச் சொன்னது. நாட்டில் எல்லா இல்லங்களும் பதிவு செய்யப்பட வேண்டும், முறையாக ஆய்வு செய்யப்பட வேண்டும் என்றது. நம் மாநிலத்துப் பிள்ளைகளின் துயரத்தில் பிறந்த தீர்ப்பு அது. ஆனால் எங்கள் இல்லத்துக்கு வந்த ஆய்வுகள் எல்லாம் ரிஜிஸ்டரைத்தான் புரட்டின. ஸ்டாக், வருகைப் பதிவேடு, தீயணைப்புக் கருவியின் தேதி. பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, வார்டன் பக்கத்தில் நிற்க, “எல்லாம் நல்லாருக்கா?” என்று கேட்டால் பிள்ளைகள் என்ன சொல்வார்கள்? பீகாரில் முசாபர்பூர் சிறுமிகள் இல்லம் அரசுப் பணத்தில் நடந்தது. டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் குழு மாநிலம் முழுக்க 110 இல்லங்களுக்குப் போய்ப் பிள்ளைகளிடமே பேசியது. 2018-இல், முசாபர்பூரில் சிறுமிகளுக்கு நடந்த பாலியல் கொடுமை வெளியே வந்தது. 2020-இல் டெல்லி நீதிமன்றம் அந்த இல்லத்தை நடத்தியவருக்கு ஆயுள் முழுக்கச் சிறை விதித்தது. அந்தச் சிறுமிகளுக்குப் பேசத் தெரியாமல் இல்லை. ஊழியர்கள் இல்லாத இடத்தில் உட்கார்ந்து கேட்க ஆள் வரவேண்டியிருந்தது.

எங்கள் வழக்கு இன்னும் நடக்கிறது. கூடுமானவரை ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, அதைத் தாண்டிவிட்டோம். இல்லத்தை மூடவில்லை. பெட்டி இப்போது பிள்ளைகளின் ஹால் பக்கம் இருக்கிறது, வெளியாள் யாரும் இரவு தங்குவதில்லை. அண்ணன் தம்பி இருவரையும் குழந்தைகள் நலக் குழு வேறு இல்லத்துக்கு மாற்றியது. பிரிக்கக் கூடாது என்று நானும் பெரியம்மாவும் போய் நின்று கேட்டோம், பிரிக்கவில்லை.

சென்ற மாதம் அந்த இல்லத்து வார்டன் வேறு ஏதோ கேட்பதற்காகப் போன் செய்தார். பேச்சோடு பேச்சாக அவனைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டார். “படிப்பெல்லாம் பரவால்ல மேடம். ஆனா ஞாயித்துக்கிழம எட்டு மணியானாலும் எந்திரிக்க மாட்டேங்கான். பெல் அடிச்சாலும் போர்வைய இழுத்து மூடிக்கிட்டுத் தூங்குதான்.”

போனை வைத்துவிட்டு, இன்னும் என்னிடமே இருக்கும் அவனுடைய பழைய ஃபைலின் நகலை எடுத்தேன். கேட்டரிங் வரி அப்படியே இருக்கிறது. அதை அடிக்க நான் விரும்பவில்லை. அதற்குக் கீழே அன்றைய தேதியைப் போட்டு, வார்டன் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன்.