காற்றுக்கு அசையாத மடக்கு மேசை: மாயாஜால நிகழ்ச்சிக்காகச் செய்து பார்த்த அனுபவம்

நாகர்கோவிலைச் சுற்றியுள்ள ஊர்களில், விடுமுறை நாட்களில், கோவில் கொடை, தேவாலயத் திருவிழா, பள்ளி ஆண்டு விழா போன்றவற்றில் நான் மாயாஜால நிகழ்ச்சி நடத்தி வருகிறேன். பொருட்களை இருசக்கர வாகனத்திலோ பேருந்திலோதான் கொண்டுபோக வேண்டியிருப்பதால், சொந்தமாக ஒரு மேசையை எடுத்துச் செல்ல இதுவரை வழியில்லாமல் இருந்தது. விழா நடத்துபவர்கள் தரும் மேசை ஒரு நாள் பந்திக்குப் போடும் நீள மேசையாகவும், மற்றொரு நாள் ஆசிரியர் அறையிலிருந்து தூக்கி வந்த கனத்த மேசையாகவும் இருக்கும். மேசையின் உயரம் மாறினால் கையின் அசைவும் மாறிவிடும். வீட்டில் ஆயிரம் முறை பழகிய வித்தைகூட அந்நிய மேசையின் முன்னால் தடுமாறுவதைப் பலமுறை அனுபவித்த பிறகுதான், எனக்கென்று ஒரு மடக்கு மேசை செய்யத் துணிந்தேன்.

முதலில் உயரத்தை முடிவு செய்தேன். மேசையின் பின்விளிம்பில், வித்தைப் பொருட்களை மறைத்து வைக்க, பார்வையாளருக்குத் தெரியாதபடி ஒரு துணிப்பை தொங்கும். மேடை வித்தைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாளும் ஏற்பாடு அது. கை இயல்பாகத் தொங்கும்போது விரல் நுனி அந்தப் பையின் வாய்க்குச் சற்றுக் கீழே சென்று சேர வேண்டும். முழங்கை மடங்கினாலோ தோள் இறங்கினாலோ முன்வரிசைச் சிறுவனின் கண் உடனே அங்கே போய்விடும். சுவரோரம் நின்று, தரையிலிருந்து மணிக்கட்டு வரை அளந்து பார்த்து, 83 செ.மீ. என்று குறித்துக்கொண்டேன். மற்ற எல்லா அளவுகளும் இந்த ஓர் எண்ணிலிருந்து பிறந்தவைதான்.

மேற்பலகை 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் கொண்டது, நடுவில் மடங்கி 45 செ.மீ. சதுரமாகிவிடும். முதல் முயற்சியில், 9 மி.மீ. பிளைவுட் பலகைகள் இரண்டைக் கீலால் இணைத்து, கால்களைச் செருகுவதற்கான மரக்கட்டைகளை அடிப்பக்கத்தில் ஒட்டினேன். மடக்கியபோதுதான் தவறு புரிந்தது. கட்டைகள் 4 செ.மீ. உயரத்துக்குத் துருத்திக்கொண்டு நின்றதால், பலகைகள் ஒன்றையொன்று தொடாமல் முதலையின் வாயைப் போலப் பிளந்து நின்றன.

இரண்டாம் முயற்சியில் 6 மி.மீ. பிளைவுட்டுக்கு மாறி, இரண்டு பாதிகளின் அடியிலும் சுற்றிலும் 4 செ.மீ. உயரச் சட்டம் அடித்து, கீலைப் பலகையில் பொருத்தாமல் சட்டத்தின் கீழ்விளிம்பில் பொருத்தினேன். மடக்கினால் அது ஓர் ஆழமில்லாத பெட்டியாகிவிடுகிறது; கால்கள் அதற்குள்ளேயே படுத்துக்கொள்கின்றன. கீல் கீழே இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. மேசையின் நடுவில் எடை ஏறும்போது இரு பாதிகளின் மேல்விளிம்புகளும் ஒன்றையொன்று நெருக்கிக்கொள்வதால், எடை கூடக் கூட இணைப்பு இறுகுகிறது. கீலை மேற்பரப்பில் பொருத்தியிருந்தால், அதே எடையில் மேசை நடுவில் தொய்ந்து விழுந்திருக்கும். மேசையைத் தூக்கும்போது மட்டும் அது மடங்கிவிடாமலிருக்க, பின்புறச் சட்டத்தில் டிரங்குப் பெட்டிக்குப் போடும் கொண்டிகள் இரண்டைப் பூட்டினேன்.

சட்டத்துக்கு மரம் தேர்ந்த கதையையும் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் ரப்பர் மரம் எளிதாகக் கிடைக்கும் என்பதால், மருந்தேற்றாத துண்டுகளை வாங்கி முதல் சட்டத்தை அடித்திருந்தேன். மூன்று மாதத்தில் பெட்டிக்குள் வெள்ளை மாவு உதிர்ந்து கிடந்தது, வண்டு துளைத்திருந்தது. எங்கள் தெரு ஆசாரி அதைப் பார்த்துவிட்டு, கதவு வேலையில் மிஞ்சிய அயினிச் சட்டங்களை எடுத்துக் கொடுத்தார். படகு கட்டும் அளவுக்கு ஈரத்தைத் தாங்கும் மரம் அது. கடற்காற்றின் உப்பை நினைத்து இரும்புக் கீலையும் கழற்றிவிட்டு, துருப்பிடிக்காத எஃகுக் கீலும் பித்தளைத் திருகாணிகளும் போட்டேன்.

என்னை அதிகமாக அலைக்கழித்தவை கால்கள்தான். மூன்று கால்கள் எந்தத் தரையிலும் ஆடாது என்பது கணக்குப்படி உண்மை. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில்தான் அமையும். அதை நம்பி, இடப்பாதியில் இரண்டு கால்களும் வலப்பாதியின் ஓரத்தில் நடுவே ஒரு காலுமாக அமைத்தேன். ஆட்டம் துளியும் இல்லை. ஆனால் வீட்டில் ஒத்திகை பார்த்த மாலையில், என் மகள் வலப்பக்க முன்மூலையில் கையை ஊன்றியதும் மேசை சாய்ந்து, தண்ணீர் நிறைந்த கண்ணாடிக் குவளை அவள் காலடியில் உடைந்தது. அவளுக்குக் காயம் ஏதும் இல்லை. நிகழ்ச்சி முடிந்ததும் குழந்தைகள் மேசையைச் சூழ்ந்துகொள்வார்கள் என்பதை எண்ணிப் பார்த்து, அந்த அமைப்பை அன்றே கைவிட்டேன்.

இப்போது நான்கு மூலைகளிலும் கால்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 19 மி.மீ. அலுமினியச் சதுரக் குழாய், 42 செ.மீ. துண்டுகள் இரண்டு, உள்ளே ஒரு சிறு குழாயால் இணைகின்றன. கால்கள் வெளிப்புறமாக 10 பாகை சாய்ந்து நிற்பதால், 84 செ.மீ. காலில் மேசையின் உயரம் சரியாக 83 செ.மீ. வருகிறது. சாய்வான குழியைக் கையால் குடைவது எளிதன்று. 10 பாகையில் ஓர் ஆப்பைச் சீவி, அதைக் கட்டைக்கு அடியில் வைத்து, உளியை நேராகப் பிடித்து இறக்கிய பிறகுதான் நான்கு குழிகளும் ஒத்து வந்தன. தரை சமமாக இல்லாத இடங்களுக்காக, ஒரு காலின் அடியில் மட்டும் 10 மி.மீ. போல்ட்டும் ரப்பர்க் குமிழும் பொருத்தினேன். ஒரு முழுச் சுற்றுக்கு அது 1.5 மி.மீ. ஏறவோ இறங்கவோ செய்யும். ஓட்டுத் துண்டும் மணலும் கலந்த கோவில் முற்றத்தில்கூட ஐந்தாறு சுற்றுகளில் ஆட்டம் நின்றுவிடுகிறது.

மேலே விரிக்கும் கறுப்பு வெல்வெட்டைப் பலகையோடு ஒட்ட முடியாது. மேசை மடங்கும்போது மேல்விளிம்புகள் இரண்டும் 9 செ.மீ.க்கு மேல் விலகுவதால், ஒட்டிய துணி கிழிந்துவிடும். எனவே தலையணை உறையைப் போல ஓரத்தில் எலாஸ்டிக் வைத்துத் தனி உறையாகத் தைத்தேன். முன்பக்கத்தில் 15 செ.மீ. தொங்கலுக்கு மேல் விடவில்லை. தரை வரை தொங்கும் துணி இருந்தால் உள்ளே ஆள் ஒளிந்திருப்பதாகவே பார்ப்பவர் நினைப்பார். 1845இல் பாரிசில் தம் அரங்கைத் திறந்த பிரெஞ்சு வித்தைக்காரர் ராபர்ட் ஊடின் அத்தகைய துணிகளை நீக்கி, மெலிந்த மேசைகளைக் கொண்டுவந்த காரணமும் அதுவே. கடிகாரம் செய்யும் தொழிலிலிருந்து வந்த அவரை, இந்த மேசை வேலையின்போது பலமுறை நன்றியோடு நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்தச் சிறு தொங்கலே காற்றில் பாயாக மாறிவிட்டது. ஆடி மாதம், ஆரல்வாய்மொழிக்கு அருகே ஒரு திறந்தவெளி விழாவில், கணவாய் வழியாக வந்த காற்று துணியைத் தூக்கி மேசையின் மீதே புரட்டிப் போட்டது. பின்பையில் நான் வைத்திருந்த பட்டுக்கைக்குட்டை முன்வரிசையில் போய் விழுந்தது. அடுத்த வாரம் குளச்சலுக்குச் சென்று, மீன்வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் ஈயக்குண்டுகளை வாங்கி வந்து, தொங்கலின் மடிப்புக்குள் நான்கு விரற்கடைக்கு ஒன்றாக வைத்துத் தைத்தேன். கீலுக்கு அருகே சட்டத்தில் ஒரு கொக்கி மாட்டி, காற்றுள்ள இடங்களில் 2 லிட்டர் தண்ணீர் நிரப்பிய புட்டியைப் பையிலிட்டுத் தொங்கவிடுகிறேன். அந்த எடை நடு இணைப்பையும் சேர்த்து இறுக்கிவிடுகிறது. மொத்த மேசையே சுமார் 4½ கிலோதான் என்பதால் இந்தக் கூடுதல் எடை அவசியமாகிறது.

சென்ற ஞாயிறன்று இராஜாக்கமங்கலம் பக்கம் கடலோர நிகழ்ச்சி ஒன்றில் இதைப் பயன்படுத்தினேன். பெட்டியைத் திறந்ததிலிருந்து உறை போட்டு முடிக்கும் வரை மூன்று நிமிடங்களுக்குள் வேலை முடிந்தது. ஒன்றரை மணி நேரமும் மேசை அசையவில்லை. மடக்கும்போது வலப்பக்கப் பின்காலின் இணைப்பு மட்டும் இறுகி, கழற்ற வரவில்லை. குழாய்க்குள் மணல் ஏறியிருந்தது. இணைப்பில் மெழுகு தடவி, எல்லா மூட்டுகளுக்கும் ரப்பர் வளையம் போட்டு மணல் புகாமல் அடைப்பதுதான் இந்த வாரத்துக்கான வேலை.