ராமா: நாலாவது நூலையும் மூடிய பிறகு

ஆர்தர் சி. கிளார்க்கின் ராமா என்ற அறிவியல் புனைகதை நாவல் வரிசையைக் கடைசிவரை படித்தவர்களால் திருப்தி என்றும் சொல்ல முடியாது, ஏமாந்தோம் என்று சொல்லவும் வாய் வராது. கோளாறு கதையில் இல்லை, நாமே கணக்குப் போட்டுப் பார்க்க முடிவு இடம் விடாததில் இருக்கிறது.

முதல் நூல் 1973. ஆளில்லாத உருளை வடிவ விண்கலம் ஒன்று சூரிய மண்டலத்துக்குள் நுழைகிறது. 50 கி.மீ. நீளம், 20 கி.மீ. விட்டம். வடசென்னையில் படுக்க வைத்தால் ஒரு முனை ராயபுரம் ஸ்டேஷனில், மறுமுனை எண்ணூர், காட்டுப்பள்ளி, பழவேற்காடு எல்லாம் தாண்டி ஆந்திராவுக்குள். அகலம் ராயபுரத்திலிருந்து ஆவடி வரை. (கிரேக்க, ரோமானியப் பெயர்கள் தீர்ந்துபோய் வானியலாளர்கள் நம்ம சாமி பெயர்களுக்கு வந்துவிட்டார்களாம், அதனால்தான் ராமா.)

நாலு நிமிடத்துக்கு ஒரு சுற்று. அந்தச் சுழற்சிதான் உள்சுவரில் நிற்பவர்களுக்கு ஈர்ப்பு மாதிரி. சுவரின் தடிமன் போக உள்ளே ஆரம் 8 கி.மீ. கோண வேகத்தை வர்க்கமாக்கி ஆரத்தால் பெருக்கினால் வினாடிக்கு வினாடி 5.5 மீட்டர் முடுக்கம் வரும், பூமியின் ஈர்ப்பில் பாதிக்குக் கொஞ்சம் மேல். 15 லிட்டர் பிளாஸ்டிக் குடம் அங்கே எட்டரை கிலோ கனம்தான். ஆனால் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீரை ஊற்றினால் நேர்கீழே விழாது, சுழற்சிக்கு எதிர்ப்பக்கம் ஒரு சென்டிமீட்டர் தள்ளித்தான் விழும்.

உள்ளே 10 கி.மீ. அகலத்தில் வளையமாக ஒரு கடல். வடகரைச் சுவர் 50 மீட்டர், தென்கரைச் சுவர் 500 மீட்டர். ஏன் இந்த ஓரவஞ்சனை? தண்ணி லாரி சிக்னலில் கிளம்பும்போது தண்ணீர் பின்பக்கம் அடித்து வழிகிறதே, அதேதான். கலம் வேகமெடுக்கும்போது கடல் தெற்கே ஏறும். சுவரை வைத்தே முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரிந்துவிடுகிறது. யார் கட்டினார்கள் என்பது மட்டும் தெரியவே தெரியாது.

கலத்தைக் கட்டிய ராமர்கள் எதையும் மும்மூன்றாகத்தான் செய்வார்கள் என்று அந்த நூல் முடியும். அது கடைசி நேரத்தில் சேர்த்த வரி, அப்போது தொடர்ச்சி எழுதும் எண்ணமே இல்லை என்று கிளார்க்கே பிற்பாடு சொன்னார். ஆனாலும் 1989, 1991, 1993 என்று மூன்று வந்தன, ஜென்ட்ரி லீயோடு சேர்ந்து. லீ விண்வெளிப் பொறியாளர். கலத்தை இன்னும் நுணுக்கமாகத் திறந்து காட்டுவார் என்று பார்த்தால், குடும்பம், குடியேற்றம், சர்வாதிகாரி என்று மனிதச் சண்டைகளுக்கே பக்கங்கள் போய்விட்டன. இரண்டாவது நூலின் முதல் பாதி நிஜமாகவே இழுவை.

இருந்தும் கீழே வைக்க முடியாததற்குக் காரணம் ஆக்டோஸ்பைடர்கள். காது கேட்காத எட்டுக்கால் உயிர்கள். தலையைச் சுற்றி ஓடும் நிறப்பட்டைகள்தான் அவற்றின் பேச்சு. ஒலி என்பதே இல்லாத மொழியை மனிதர்கள் தட்டுத்தடுமாறிக் கற்கும் பகுதிகள் முதல் நூலின் தரத்துக்குச் சமம்.

இடறுவது முடிவில். கலம் எதற்கு என்பதற்குக் கடைசியில் விடை வருகிறது. கழுகுத்தலை உருவம் ஒன்று சொல்லிவிடுகிறது. சுவரை நாமே கணக்குப் போட்டுச் சரிபார்க்கலாம். கழுகு சொல்வதை நம்பத்தான் முடியும்.

சுஜாதா இதில் தப்பித்தார். 'மீண்டும் ஜீனோ'வில் எந்தப் புதிரையும் விளக்கப் போகாமல், எல்லோருக்கும் பிடித்துப்போன இயந்திர நாயின் பின்னாலேயே போய்விட்டார். (அதன் முதல் பாகமான 'என் இனிய இயந்திரா'வின் சர்வாதிகாரி பெயர் ஜீவா. வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் இறங்குகிறவர்களுக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.)

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் நூலை முடித்துவிட்டு ஒரு மாதமாவது விடுங்கள். உடனே இரண்டாவதை எடுத்தால் நடையின் மாற்றமே எரிச்சலாகும். இரண்டாவதில் கலத்துக்குள் நுழையும் வரை வேகமாகப் புரட்டலாம், ஒன்றும் குறையாது. நாலாவதில் ஆக்டோஸ்பைடர் நகரத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள். கழுகு நீளமாகப் பேச ஆரம்பித்ததும் மூடிவிட்டு, முதல் நூலில் உறைந்து கிடந்த அந்தக் கடல் உருகும் இடத்துக்குத் திரும்பிவிடலாம்.